நூற்றுப் பதினேழாம் காது

ஏ என்றால் பழையது. பி என்றால் புதியது. எக்ஸ் என்பது இந்த இரண்டில் ஒன்று. எது என்று கேட்பவர் சொல்ல வேண்டும். சோதனை இவ்வளவுதான். இதையே பதினாறு முறை மாற்றி மாற்றி வைப்பார்கள். பன்னிரண்டு முறையாவது சரியாகச் சொன்னால் வித்தியாசம் காதில் விழுகிறது என்று ஒப்புக்கொள்வார்கள். எட்டோ ஒன்பதோ வந்தால் ஆள் குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் எட்டு வரும்.

தரமணி ஒலி ஆய்வுக்கூடத்தில் ஞானசிகாமணி இந்தச் சோதனையை இருபத்திரண்டு வருடமாக நடத்திவந்தார். ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், ஒயர், ஹெட்போன் என்று எது வந்தாலும் திரைக்குப் பின்னால் வைத்துவிடுவார். ஒருமுறை ஆழ்வார்பேட்டையிலிருந்து ஒரு பெரிய மனிதர், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாய் கனத்தில் ஒரு ஸ்பீக்கர் ஒயரைக் கொண்டுவந்தார். அதில் கேட்டால் வயலின்காரர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும் என்றார். ரிச்சி தெருவில் வாங்கிய சாதா ஒயரோடு சேர்த்து வைத்துப் பார்த்ததில் பதினாறுக்கு ஏழு. மனிதர் மேசைமேல் வைத்த காபியைத் தொடாமலே போய்விட்டார். உடன் வேலை பார்க்கும் முபாரக் வயிறு வலிக்கச் சிரித்தான். ஞானசிகாமணி சிரிக்கவில்லை.

"அவரு பொய் சொல்லலப்பா. அவருக்கு நெசமாவே கேட்டிருக்கு. எந்த ஒயர்னு தெரிஞ்சா கேக்கும், தெரியலன்னா கேக்காது. மனுசக் காது அப்படித்தான்."

இன்னொருமுறை ஒரு கல்லூரிப் பெண் பதினாறுக்குப் பதினாறும் சரியாகச் சொல்லிவிட்டாள். கூடமே அசந்துபோனது. இரண்டு நாள் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, பி-க்கு மாற்றும்போது சுவிட்ச் கொஞ்சம் அழுத்தமாக 'டிக்' என்றது. அவள் பாட்டைக் கேட்கவேயில்லை, சுவிட்சைக் கேட்டிருக்கிறாள். அன்றுமுதல் சுவிட்சைத் தூக்கி அடுத்த அறையில் வைத்தார் ஞானசிகாமணி. நடத்துகிறவருக்கும் எக்ஸ் எது என்று தெரியக்கூடாது என்று ஏற்பாடு செய்தார். சுற்றுக்குச் சுற்று "அடுத்தது" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு பேசக்கூடாது. முடிவில் அச்சடித்த தாளைப் பார்த்து ஒரே கேள்வி கேட்கலாம்: 'வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?' அதற்குமேல் ஒரு 'ம்' போட்டால்கூட அந்த 'ம்' காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் கட்சி. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை இந்த விஷயத்தில் அவர் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

இதில் வேடிக்கை, அவருக்கே சொந்தக் காது கிடையாது. முப்பத்தொன்றாவது வயதில் வந்த மூளைக்காய்ச்சல் இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. மண்டைக்குள் ஒரு கம்பிச்சுருள், காதுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு மெஷின். வெளியே இருக்கும் மெஷின் சத்தத்தைப் பிடித்துப் பொடியாக்கி உள்ளே அனுப்பும். நரம்பு அதை வாங்கிக்கொள்ளும். அவர் மாட்டிய காலத்தில் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இப்போது சென்னையில் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் மாட்டியிருக்கிறார். மேம்பாலமும் மெட்ரோவும் தலைக்குமேல் பறக்கும் பார்சல் ட்ரோன்களும் ஊரின் காதைக் கெடுத்துவிட்டன. அரசாங்கமே இலவசமாகக் கொடுத்தது.

கம்மல் போடுகிற மாதிரி மாட்டிக்கொண்டு போய்விட முடியாது. தினமும் சரிபார்க்க வேண்டும். காலையில் மெஷினை மாட்டியதும் அவர் நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்காருவார். மனைவி சொரூபராணி பின்னால் நின்று, வாயசைவு கண்ணாடி, ஜன்னல் எதிலும் தெரிந்துவிடாதபடி முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, ஆறு ஒலிகளைச் சொல்வாள். ஆ. ஈ. ஊ. ம். ஷ். ஸ். ஒவ்வொன்றையும் அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆறும் வந்தால் மெஷின் சரி. மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்த முறை இது. மற்றவர்கள் ஆறு மாதத்தில் விட்டுவிடுவார்கள். இவர்கள் இருபத்தாறு வருடம் விடவில்லை. முதல்நாள் சண்டை போட்டிருந்தால் அவள் 'ஸ்' சொல்லும்போது கொஞ்சம் சீறலாக வரும், அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் காது மெஷினுக்குள் வைக்கிற புதுச் சில்லு, அதாவது சிப், வந்தது. விலை மூன்றில் ஒரு பங்கு. ஒருமுறை சார்ஜ் போட்டால் ஒரு வாரம் வருமாம். கூடத்தின் தலைவி தாட்சாயணி அதைச் சீட்டுக்கட்டு மாதிரி ஒரு பெட்டியில் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"ஒரு வாரம் எப்படி மேடம் வரும்?"

"கேக்காத சத்தத்தை வெட்டிடுது சார். பெரிய சத்தத்துக்குப் பக்கத்துல ஒரு சின்னச் சத்தம் வந்தா மூளை அதைக் கண்டுக்கறதில்ல இல்லையா, அதை முன்னாடியே தூக்கிப் போட்டுடுது. நரம்புக்கு அனுப்பறதே இல்ல. பாதி வேலை மிச்சம்."

"கண்டுக்கறதில்லன்னு யாரு சொன்னா?"

"அதைச் சொல்லத்தானே நீங்க இருக்கீங்க."

முந்நூறு பேரை வைத்துப் பார்த்தார்கள். பாட்டு, பேச்சு, மழை, குழந்தை அழுகை, குக்கர் விசில் எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். சராசரி எட்டு. குருட்டாம்போக்கில் பன்னிரண்டைத் தொட்ட பத்துப் பேரும் மறுமுறை எட்டுக்கு இறங்கிவிட்டார்கள். ஞானசிகாமணி 'வித்தியாசம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் முதல் கட்டத்திலேயே நாற்பதாயிரம் பேர் மெஷினை மாற்றுவது என்றால் சுகாதாரத் துறை சும்மா ஒத்துக்கொள்ளுமா. இரண்டு வருடம் நிஜமாகவே மாட்டிவிட்டுப் பாருங்கள் என்றது. நானூறு பேருக்கு ஒரே மாதிரி மெஷின் கொடுத்தார்கள். பாதிக்குள் பழைய சில்லு, பாதிக்குள் புதியது. பாட்டரி தீர்வதை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று எல்லாரையும் தினம் சார்ஜ் போடச் சொன்னார்கள். யாருக்கு எது என்ற விவரம் நானூறு உறைகளில் ஒட்டப்பட்டு வேறொரு அலுவலகத்துக்குப் போய்விட்டது. ஆள் கொஞ்சம் குறைந்தபோது தாட்சாயணி, "நீங்களும் ஒண்ணு மாட்டிக்குங்களேன்" என்றார்.

"நடத்துறவனே மாட்டிக்கலாமா மேடம்?"

"உங்களுக்கும்தான் எதுன்னு தெரியாதே."

நூற்றுப் பதினேழாம் எண் மெஷின் அவர் காதுக்கு வந்தது.

ஏழாவது மாதம் சொரூபராணி விழுந்தாள். சமையலறையில், கையில் டம்ளரோடு. மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. ஒன்பதாம் நாள் காலை கண் விழித்தவள் அவரைத் திரும்பி உட்காரச் சொல்லிச் சைகை காட்டினாள். அவருக்குப் புரிந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பின்னாலிருந்து "ஆ" என்றாள். "ஆ" என்றார். "ஈ." "ஈ." "ஊ" என்பதற்கு ரொம்ப நேரம் ஆனது. "ம்" வந்தது. அப்புறம் வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். தூங்கிப்போயிருந்தாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

நான்கும் தெளிவாகக் கேட்டன. ஒன்றும் தோன்றவில்லை. கல்லறைத் தோட்டத்தில் பாடகர் குழு பாடியபோதும் அப்படித்தான். எட்டுக் குரலையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்க முடிந்தது. இரண்டாம் வரிசையில் இருந்த தம்பிக்குச் சுருதி அரைக்கால் இறங்கியிருந்ததைக்கூடக் கவனித்தார். பெட்டியின்மேல் மண் விழுந்த சத்தம் கேட்டது. மூன்று கைப்பிடி, மூன்று சத்தம். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவருக்கும் அழவேண்டும் என்றுதான் இருந்தது. வரவில்லை. நெஞ்சில் மரப்பலகை அடித்த மாதிரி இருந்தது.

மகள் பெனிட்டா கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள், இருபத்தேழு வயது. சுற்றத்தார் எல்லாம் கிளம்பிய பிறகு பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"உங்களுக்காக இருபத்தாறு வருஷம் காலைல எழுந்து நின்னாங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் வரலல்ல உங்களுக்கு?"

அவள் போய்விட்டாள். போன் எடுப்பதையும் நிறுத்திவிட்டாள்.

காலைகளில் அவர் மெஷினை மாட்டிக்கொண்டு நேராக வேலைக்குப் போனார். ஆறு ஒலி சொல்ல ஆளில்லை. ஊருக்கெல்லாம் சோதனை வைக்கிறவர் தன் காதைச் சோதிக்காமலே நடமாடினார். சாப்பிட்டார், தூங்கினார், "அடுத்தது" என்று சொன்னார். கஷ்டமாக இருந்தது என்று சொன்னால் அது பொய். கஷ்டமாகக்கூட இல்லை.

ஒன்பதாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பூங்காவனம் வந்தாள். மெஷின் மாட்டிய நானூறு பேரில் ஒருத்தி; அனகாபுத்தூர்க்காரி, ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலை. குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நானூறு பேருக்கும் மாதாமாதம் வைக்கிற சோதனை முடிந்தது. பதினாறுக்கு ஒன்பது. அச்சடித்த தாளைக் கையில் எடுத்த ஞானசிகாமணி அதைப் படிக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை அவர் தினமும் ஷவரம் செய்துகொள்ளும்போது கண்ணாடியில் பார்க்கிறார்.

"எல்லாம் கேக்குதும்மா. ஆனா உள்ள எதுவும் பட மாட்டேங்குது. அப்படித்தானே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு எப்டி சார் தெரியும்?"

"சொல்லும்மா."

"கொயந்த அழுவுது சார். நல்லாக் கேக்குது. ஆனா எழுந்து போவணும்னே தோண மாட்டேங்குது. பக்கத்து வூட்ல எதுனா சொல்வாங்களேன்னுதான் போய்த் தூக்கறேன். யார்கிட்டயும் சொல்லல சார், எங்க வூட்டுக்காரர்கிட்டகூட."

"ஒருவேளை மெஷினா இருக்கலாம்மா" என்றார் அவர்.

சொன்னதும் அவளுக்கு மூச்சு இறங்கியது. அவருக்கும் இறங்கியது. இரண்டு மாதத்தில் அவருக்கு வந்த முதல் நிம்மதி அது. அதை மறைக்க வேண்டியதில்லை. கேட்காத சத்தம் என்று எதையோ வெட்டுகிறார்களே, அதில்தான் இருந்திருக்கிறது எல்லாம். காதுக்குத் தெரியாது, பத்து வினாடி வைத்துப் பார்த்தால் பிடிபடாது, மாதக்கணக்கில் மாட்டியிருந்தால் மனசு காய்ந்துபோகும். பதினாறு சுற்றுக்குள் சிக்காத வித்தியாசம் இதுதான். எவ்வளவு பொருத்தமாக இருந்தது.

அதன்பிறகு அவர் எல்லாரிடமும் கேட்டார். சிலர் விழித்தார்கள், சிலர் சிரித்தார்கள். எட்டு மாதத்தில் பூங்காவனத்தோடு சேர்த்து ஒன்பது பேர் ஆமாம் என்றார்கள்; சொன்னதை அவரவர் தாளில் எழுதி வைத்தார். பூங்காவனம் மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுச் சோதனையிலிருந்து விலகிக்கொண்டாள். அவர் ஒன்பது தாளையும் படம் எடுத்து, ஒரு வரியும் சேர்த்து எழுதாமல் பெனிட்டாவுக்கு அனுப்பினார்.

அடுத்த சனிக்கிழமை காலை அவள் வாசலில் நின்றாள். பத்து மாதம் கழித்து.

"அப்போ அன்னைக்கு..."

"நான் இல்லம்மா. மெஷின்."

அவள் உள்ளே வந்து அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் அழுதாள். "ஸாரிப்பா" என்றாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். அவளுக்குப் பசிக்குமே என்று தோன்றியது, வேறு எதுவும் தோன்றவில்லை. ஆனால் இப்போது அதற்கும் ஒரு காரணம் இருந்தது, ஆகவே அவர் பயப்படவில்லை. அவள் விடுப்பு சொல்லிவிட்டுத் தங்கினாள். தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்தாள். சுகாதாரத் துறைக்குப் பெரிய மனுவாக எழுதினாள். நாற்பதாயிரம் பேருக்கு அந்தச் சில்லு போகக்கூடாது, உறைகளை உடனே பிரிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். ஞானசிகாமணி கையெழுத்துப் போட்டார்.

பதினைந்து நாளில் தாட்சாயணி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ஒன்பது தாள்.

"சார், செவ்வாயும் வியாழனும் உங்க நாள். திங்களும் புதனும் முபாரக். சரிதானே?"

"ஆமா மேடம்."

"இந்த ஒன்பது பேரும் செவ்வாய், வியாழன்ல வந்தவங்க. முபாரக்கிட்ட இப்படி ஒருத்தர்கூடச் சொல்லல. நானும் மூணு நாளா யோசிச்சுப் பாத்தேன். நீங்க அவங்ககிட்ட என்ன கேட்டீங்க?"

அவருக்குச் சட்டென்று விளங்கியது. விளங்கியது என்பதைவிட, அடுத்த அறையில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. இருபத்திரண்டு வருடமாக ஒரு 'ம்' போட்டதற்காக எத்தனை பேரைத் திட்டியிருப்பார். அவர் 'ம்' போடவில்லை; பதிலையே கையில் கொடுத்திருக்கிறார்.

"தாள்ல இருந்ததைக் கேக்கல" என்றார்.

தாட்சாயணி கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபப்படாமல் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க மனு வந்ததால சுகாதாரத் துறைக் குழு இந்த ஒன்பது உறையை மட்டும் பிரிச்சுட்டாங்க. அஞ்சு பேருக்குப் பழசு. நாலு பேருக்குப் புதுசு."

நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் அப்படித்தான் வரும்.

"பூங்காவனம்?" என்று கேட்டார்.

"பழசு. சார், அந்தப் பொண்ணு குழந்தை பெத்த நாலாவது மாசம் இதைச் சொல்லியிருக்கா. டாக்டர் யாராவது கேட்டிருந்தா அன்னைக்கே மருந்து எழுதியிருப்பாங்க. பிள்ளை பெத்தவங்களுக்கு வர்ற நோய் அது, குணமாகக்கூடியது. நீங்க மெஷின்னு சொல்லி அனுப்பிட்டீங்க. எட்டு மாசம்."

அவர் எழுந்திருக்கும்போது தாட்சாயணி மேசை டிராயரிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து நீட்டினார். நூற்றுப் பதினேழு என்று எழுதியிருந்தது. "இனிமே நீங்க இந்தச் சோதனையில இருக்க முடியாது. உங்க உறை. பிரிக்கறதும் பிரிக்காததும் உங்க இஷ்டம்."

அவர் வீட்டுக்குப் போகவில்லை. அனகாபுத்தூருக்குப் போனார். பூங்காவனத்தின் கணவன் தணிகாசலம் கதவைத் திறந்து, ஆளை அடையாளம் தெரியாமல், "இன்னா சார் வோணும்?" என்றான். உள்ளே குழந்தை தரையில் ஒரு ஸ்பூனை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தது. வருடம் நிறைந்துவிட்ட குழந்தை. பூங்காவனம் தையல் மெஷின் அருகில் சும்மா உட்கார்ந்திருந்தாள். கம்பெனி வேலையை விட்டுவிட்டாளாம். சூப்பர்வைசர் கூப்பிடுவது காதில் விழாதவளை அங்கே வைத்துக்கொள்ள மாட்டார்கள். காது மெஷின் ஃபிரிஜ் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தது. அவர் சைகை காட்டிக் கேட்டுக்கொண்டதால் அவள் அதை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"இது பழைய மெஷினேதாம்மா. இதுல எதையும் வெட்டல. மொதல்லேர்ந்தே நீங்க போட்டிருந்த அதே சில்லு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் காதுக்குப் பின்னால் இருந்த மெஷினைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப எனக்கு இன்னா சார்?"

"டாக்டரைப் பாக்கணும். இதுக்கு வைத்தியம் இருக்கு. நான் விசாரிச்சுட்டு வந்திருக்கேன். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு உங்களைப் பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க." அவர் டாக்டர் விலாசம் எழுதிய சீட்டைத் தணிகாசலத்திடம் கொடுத்தார்.

"மெஷின்னு நெனச்சி நிம்மதியா இருந்தேன் சார்" என்றாள் பூங்காவனம். "எம்மேல தப்பு இல்லன்னு."

"உங்கமேல தப்பு இல்லம்மா. அது நோய்."

"நீங்க அப்பவும் இப்டித்தான் சொன்னீங்க" என்றாள். குரலில் குற்றச்சாட்டுகூட இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை என்று எழுதலாம். ஆனால் உண்மையில் அவருக்குத் தாங்கியது. மெட்ரோவில் உட்காரவும் பரங்கிமலையில் இறங்கி வண்டி மாறவும் வீடு வந்து சேரவும் முடிந்தது.

வழியெல்லாம் உறை சட்டைப் பையில் இருந்தது. பிரிக்காவிட்டால் என்ன. பிரிக்காதவரை அது எக்ஸ். ஒன்பது பேருக்கு எப்படியோ, அவருக்கு மட்டும் மெஷினாக இருக்க இன்னும் சரிபாதி வாய்ப்பு இருந்தது. சரிபாதியை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் மிச்ச காலத்தை ஓட்டிவிடலாம். மகளும் கூட இருப்பாள்.

பெனிட்டா கதவைத் திறந்ததும் முகத்தைப் பார்த்தே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டாள். அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒன்றையும் விடாமல் சொன்னார். தான் கேட்ட கேள்வியைச் சொன்னார். ஐந்தையும் நாலையும் சொன்னார். பூங்காவனத்தைச் சொன்னார். பிறகு உறையை மேசைமேல் வைத்தார்.

"இது உங்களோடதா?"

"ம்."

"பிரிங்கப்பா."

"பிரிக்கணும்னு கட்டாயம் இல்லம்மா."

"எனக்குத் தெரியணும். ஒண்ணு உங்களை மன்னிச்சதுக்குக் காரணம் இருக்கணும், இல்லேன்னா காரணமே இல்லன்னு ஆகணும். எதுன்னு தெரியாம எப்படிப்பா நான் இங்க இருக்கறது?"

அவர் கத்திரிக்கோலை எடுத்து ஓரத்தை நேராக வெட்டினார். உள்ளே ஒரு சின்னச் சீட்டு. அதில் மூன்று இலக்கமும் ஓர் எழுத்தும். நூற்றுப் பதினேழு. ஏ.

பெனிட்டா எட்டிப் பார்த்தாள். "ஏ-ன்னா எது?"

அவளுக்குத் தெரியாது. எப்படித் தெரியும், அவள் அந்தக் கூடத்துக்குள் வந்ததே இல்லை. ஒரு சொல் போதும். புதுசு என்று சொன்னால் முடிந்தது. யாருக்கும் நஷ்டமில்லை, நாற்பதாயிரம் பேருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை, அவர் ஒருவரின் கணக்கு. சொரூபராணி ஆஸ்பத்திரிக் கட்டிலில் "ம்" என்றபோது அவர் நெஞ்சு ஏன் பலகையாக இருந்தது என்பதற்கு ஒரு பதில் கிடைத்துவிடும். மகள் சொதி வைப்பாள்.

"பழசு" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். "அப்படின்னா..."

"மெஷின் இல்லம்மா. நான்தான்."

அவள் எழுந்து போனாள். படுக்கையறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பீரோ திறக்கிற சத்தம், ஏதோ உருவுகிற சத்தம். பையில் துணி அடுக்குகிறாள் என்று நினைத்தார். நினைத்தபோது பயமாக இருந்ததா என்று தனக்குள் தேடிப் பார்த்தார். தெரியவில்லை. சீட்டை மடித்து உறைக்குள் போட்டு, உறையை மேசை விளிம்புக்கு நேராக வைத்தார். எதிர்ச் சுவரில் நாள்காட்டி போன மாதத்திலேயே நின்றிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஆ."

அவர் திரும்பவில்லை. திரும்பக்கூடாது என்பது விதி. ஓரக்கண்ணில் சொரூபராணியின் ஊதா நிறச் சேலையின் நுனி தெரிந்தது. பெனிட்டா அதை வாயில் வைத்து மறைத்துக்கொண்டிருக்க வேண்டும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டே தினமும் பார்த்தவள்தானே.

"ஆ" என்றார்.

"ஈ."

"ஈ."

"ஊ." "ஊ." "ம்." "ம்."

அங்கே கொஞ்சம் நின்றது. அவர் காத்திருந்தார்.

"ஷ்" என்றாள் பெனிட்டா.

"ஷ்."

"ஸ்."

"ஸ்" என்றார். ஆறையும் கடைசியாகக் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது போல இருந்தது. எண்ணிப் பார்த்தால் பதினொரு மாதம்தான்.

"ஆறும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"வேற ஏதாவது?"

அவர் யோசித்தார். நேர்மையாகத் தேடிப் பார்த்தார். அவளை ஏமாற்றக்கூடாது.

"இல்லம்மா."

அவள் பின்னாலேயே நின்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு சேலையை மடித்து நாற்காலியின் முதுகில் போட்டாள்.

"சரி. ஒரு சுத்தை வச்சு எதுவும் சொல்ல முடியாதுன்னு நீங்கதானே சொல்வீங்க" என்றாள். "நாளைக்குக் காலைல ரெண்டாவது."

அவர் தலையாட்டினார். பதினாறில் இன்னும் பதினைந்து இருந்தது.